மாலை நாலு இருபதுக்கு வற்றம்

நாலுக்கே போய்விட்டோம்,
ராஸ் அல் கைமா கோரின் பின்புறம்,
அலையாத்தியின் மூச்சுவேர்கள்
பென்சிலைச் சீவி நட்டதுபோல் நிற்குமிடம்.
தண்ணீர் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக்
கடைசி வாடிக்கையாளரைப் பார்க்கும் கடைக்காரர்போல
எங்களைப் பார்த்துக்கொண்டே போனது.

சட்டங்களை அமலி அறிவித்தாள்.
ஆளுக்கு ஐந்து.
செத்ததாக இருக்கலாம், நாறக் கூடாது.
உள்ளே யாராவது குடியிருந்தால்
தொடவே கூடாது.
ஒன்பது வயதில் இத்தனை சட்டம்.
எங்கள் கம்பெனி ஹெச்ஆர் தோற்றுப்போவார்.

ஜோயலுக்கு ஐந்து என்பது
இரண்டு கையும் நிறைய.
பொம்மைக் கார் சக்கரம், பெப்சி மூடி,
நீச்சல் கண்ணாடியின் ஒரு கண்.
அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு
எல்லாரையும் நீலமாகப் பார்த்தான்.

ஜெசிந்தா சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
சேற்றிலிருந்து ஒரு கரண்டி எடுத்தாள்.
"நல்ல எவர்சில்வர். ஊறவைத்தால் போய்விடும்."
எது போய்விடும் என்று நான் கேட்கவில்லை.
நாளை இரவு அவர்களுக்கு விசா முடிகிறது.

அமலிக்குத்தான் புதையல்.
உள்ளங்கை அகலத்தில் ஓர் ஓட்டுச்சில்லு,
வெள்ளையில் நீலக் கொடி.
"ஆயிரம் வருஷம் இருக்குமாப்பா?"
திருப்பிப் பார்த்தேன்.
முதுகில் எங்கள் கம்பெனியின் தேன்கூட்டுப் பள்ளம்.
கிளேஸில் ஊசித்துளை இருந்தால்
ரிஜெக்ட் என்று சாக்பீஸால் கோடு போடுவது
பதினோரு வருஷமாக நான்தான்.
"இருக்கும்" என்றேன்.

கம்பிக்கூண்டைத் தோளில் சுமந்து வந்த
பெஷாவர்க்காரர் ஒருவர் நின்று கேட்டார்,
என்ன தொலைத்தீர்கள் என்று.
ஒன்றும் இல்லை, சும்மா தேடுகிறோம் என்றேன்.
என் இந்தி போதவில்லையோ என்னவோ,
கூண்டை இறக்கி வைத்துவிட்டு
அவரும் குனிந்தார்.
கால்மணி நேரம்.
மோதிரமா, சாவியா என்றுகூடக் கேட்காமல்
ஜெசிந்தாவின் வெறும் விரலைப் பார்த்துவிட்டு
இன்னும் கவனமாகத் தேடினார்.
அது ஊரில் அடகில் இருக்கிறது என்பதை
எந்த மொழியில் சொல்வது.
போகும்போது என் தோளைத் தட்டி,
கடல் திருப்பித் தந்துவிடும் என்றார்.

மறுநாள் ஷார்ஜா விமான நிலையத்தில்
தராசு சொன்னது, ஒன்றரைக் கிலோ அதிகம்.
ஹார்லிக்ஸை எடுக்க ஜெசிந்தாவுக்கு மனமில்லை.
போர்வையும் அத்தைக்கு வாங்கியது.
அமலி தானே ஜிப்பைத் திறந்து
ஈரத்துணியில் சுற்றிய பையை
என் கையில் கொடுத்தாள்.
"எண்ணி வச்சிக்கோங்க. இருபது."
அழவில்லை. பிறகு
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
ஜோயல் நீலக் கண்ணால் திரும்பிப் பார்த்தான்.
அதை மட்டும் அவன் தந்திருக்கவில்லை.

வழியெல்லாம் காரில் ஒரு சத்தம்.
டேஷ்போர்டு என்று நினைத்தேன்.
ஏசியை நிறுத்தினேன்.
பின்சீட்டில் யாரோ
நகத்தால் மெதுவாகக் கதவைச் சுரண்டுவதுபோல்.
உம் அல் குவைன் தாண்டி ஓரமாக நிறுத்திப்
பையை விரித்தால்
எல்லாச் சங்கும் சும்மா கிடக்க
ஒன்று மட்டும் நடந்துகொண்டிருந்தது.
என் ஐந்தில் ஒன்று.
சட்டத்தை மீறியது நான்.

நள்ளிரவில் கோருக்குப் போனால்
கரையே இல்லை.
நேற்று நாங்கள் நின்ற இடமெல்லாம்
கழுத்தளவு ஏற்றம்.
மூச்சுவேர்கள் மூழ்கியிருந்தன.
பேன்ட் நனைய இறங்கி
உள்ளங்கையைத் தண்ணீருக்குள் வைத்தேன்.
அது உடனே போகவில்லை.
முதலில் இரண்டு கால் நீட்டிக்
கட்டைவிரல் ரேகையைத் தொட்டுப் பார்த்தது,
பிறகு சங்கோடு நகர்ந்தது.

விடியற்காலை திருச்சியிலிருந்து அழைப்பு.
பின்னால் பெட்டி உருளும் சத்தம்.
வந்து சேர்ந்தோம் என்பதற்கு முன்னாலேயே
"எண்ணினீங்களாப்பா?" என்றாள்.

பதினெட்டு என்றேன்.
ஒன்று ஜோயலிடம்.

சற்று நேரம் பேச்சில்லை.
அவளுக்குக் கழித்தல் நன்றாக வரும்.