செப்பு ஆணிகள்

பெல்ட்டையும் சாவியையும் வெளியே வைத்து,
கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாய் உருவிய பிறகுதான்
ஹெர்மானஸில் இந்த அறைக்குள் வரலாம்.
சுவரின் ஆணிகள்கூடச் செம்பு.
ரத்தத்தில் இருக்கும் இரும்பை மட்டும்
யாரும் கேட்பதில்லை.

காலை ஆறு பத்து.
ஊசி மேற்கே இன்னும் கொஞ்சம்.
இந்தக் கடலுக்கு மேலே பூமியின் பிடி
தளர்ந்துகொண்டே வருகிறது;
கடந்து போகும் செயற்கைக்கோள்கள் தடுமாறுகின்றன.
எழுதிக்கொள்கிறேன்.
விரிகுடாவில் ஒரு திமிங்கிலம்
மூச்சு விடுவது கேட்கிறது.

ட்ரோம்சோவிலிருந்து சிக்ருன் அனுப்பியதை
ஸ்டேப்ளர் போடாத தாளில் கொண்டுவந்திருக்கிறேன்.
இரண்டு கோடுகள்.
கனடாவை விட்டு சைபீரியாவுக்கு நடக்கும் காந்த முனை,
ஆண்டுக்கு ஆண்டு மெலியும் பனி.
தோளில் தோள் சாய்த்தே போகின்றன.
‘பார்த்தாயா, சாலாட்சி?’

பார்த்தேன்.
டர்பனில், சாட்ஸ்வொர்த் பேருந்தில்
நாற்பது நிமிடம் என்னை ஒட்டியே உட்கார்ந்து
என் நிறுத்தத்திலேயே இறங்கியவர்
எனக்கு உறவில்லை.
ஆனால் என் தங்கை
அப்படி ஒருவரைத்தான் கட்டிக்கொண்டாள்.

பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
‘பனியை உருக்குவது நம் புகை, அது தெரியும்.
காந்தத்துக்கும் பங்குண்டா? தெரியாது.
இன்னும் அளப்போம்.’
கடைசி வரியை அழித்தேன்.
மறுபடி எழுதினேன்.

தாளை நோக்கிக் குனிந்தபோது
ஊசி துள்ளியது.
சூரியப் புயலோ என்று நிமிர்ந்தேன்,
பழைய இடத்துக்கே திரும்பியது.
குனிந்தேன், துள்ளியது.

கை தானாகக் கொண்டைக்குப் போனது.
அங்கே ஒன்று.

வெளியே போய் வைத்துவிட்டு வந்து
ஆறு பத்தை அடித்து
ஆறு நாற்பது என்று எழுதுகிறேன்.