ஐம்பத்தொரு கிலோ

மீன் நிறுக்கும் தராசில்தான்
முதலில் ஏறி நின்றேன்.
முள் ஐம்பத்தொன்றைத் தாண்டி நடுங்கியது.
முந்நூறு கிராம் அதிகம்.
'துப்பு' என்றார் கோச் எட்வின்.
கன்டெய்னர் லாரிகள் மைல்கணக்கில் நிற்கும்
துறைமுகச் சாலையில்
மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு
புளியங்கொட்டையை வாயில் ஒதுக்கி
ஓடிக்கொண்டே துப்பினேன்.
எச்சிலும் எடைதான்.

அவளும் அன்று அப்படித்தான் துப்பியிருப்பாள்,
ஐ.சி.எஃப். குவார்ட்டர்ஸைச் சுற்றி.
ஹொய்னெய்கிம், சுராசந்த்பூர்.
பெயரைப் படிக்கவந்த அறிவிப்பாளர்
இரண்டு முறை இருமிவிட்டு
'ரயில்வே பொண்ணு' என்று முடித்துக்கொண்டார்.

வட்டச் செயலாளர் போஸ்டர் ஒட்டியிருந்தார்:
எங்கள் மண்ணின் வேங்கை சகாயராணி.
என் படம் தீப்பெட்டி அளவு,
அவர் படம் கதவு அளவு.
'அந்த மலைக்காரிகிட்ட தோத்துட்டு
காசிமேட்டுக்குள்ள கால வெச்சிடாத.'
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

இரண்டாம் ரவுண்டு.
அவளுடைய இடது கை என் விலாவுக்குள்
சாவிபோல் திரும்பியது.
மூச்சுக்காக அவளைக் கட்டிப்பிடித்து நின்றேன்.
காது பக்கத்தில் இருந்தது.
அந்தச் சொல்லைச் சொன்னேன்,
பஸ்ஸில், மெடிக்கல் ஷாப்பில்,
பேசின் பிரிட்ஜ் ஷேர் ஆட்டோவில்
அவள் முகத்தைப் பார்த்து எறிவார்களே, அதை.
பல்காப்புக்குள்ளிருந்து வந்ததால்
பாதி எச்சிலாகத்தான் வந்தது.
நடுவருக்குக் கேட்கவில்லை.
அவள் கைகள் ஒரு கணம் தாழ்ந்தன.
அந்தக் கணத்தில்தான் நான் ஜெயித்தேன்.

பாலம் தாண்டினால்
என் முகவரியே ஒரு வசவு என்று தெரிந்தவள் நான்.
தெரிந்தேதான் சொன்னேன்.

உடைமாற்றும் அறையில்
குழாயடியில் மூக்கு ரத்தம் கழுவிக்கொண்டிருந்தாள்.
வொர்க்‌ஷாப்பில் பழகிய தமிழில், திரும்பாமலே:
'உன் லெஃப்ட் ரொம்ப ஸ்லோ.
வாய் மட்டும்தான் ஃபாஸ்ட்.'
ஒட்டுவதற்கு பிளாஸ்டர் நீட்டினேன்.
வாங்கிக்கொள்ளவில்லை.
வைத்துவிட்டுப் போனேன்.
பாதிக் கதவு வந்ததும் பார்த்தேன்,
பல்லால் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள்.
ஸ்பாரிங் முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவாள்.
நெத்திலிக் கருவாடு வறுக்கும்போது
விருந்தாளிக்காக அம்மா ஜன்னலைத் திறக்கப் போனாள்.
'திறக்காதீங்க,' என்றாள்,
'எங்க வீட்டு வாசனை.'
என் பெயரை 'சகா' என்று சுருக்கினாள்,
அர்த்தம் தெரியாமல்.
மன்னிப்பு நான் கேட்கவில்லை.
கேட்டால் அந்தச் சொல்லை
மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்டில் செல்போன்கள் நடுங்கின.
பதினைந்தாம் தேதிக்குள் போய்விட வேண்டுமாம்,
அடிப்பார்களாம், எங்கோ அடித்தார்களாம்.
யார் அனுப்பியது என்று யாருக்கும் தெரியாது.
'போறவங்க போகட்டும்' என்றார் வட்டச் செயலாளர்,
டீயை ஆற்றிக்கொண்டே.

சென்ட்ரலில் மூட்டைகளும் குழந்தைகளும்.
பிரம்பு வீசும் போலீஸ்.
குவாஹாத்திக்குக் கூடுதல் ரயில்.
அவள் ஸ்கூட்டரைக்கூடப் பூட்டாமல் வந்திருந்தாள்.
'போகாதே' என்று சொல்ல
என்னிடம் என்ன இருந்தது, சொல்லுங்கள்.
பக்கத்தில் வண்ண பல்பு சுழலும் எடை மெஷின்.
பையை இறக்கி வைத்துவிட்டு
இருவரும் சேர்ந்தே ஏறினோம்.
நூற்றெட்டு கிலோ.
ஆளுக்கு மூன்று அதிகம்.
அட்டையின் பின்பக்கம்
'வெளியூர்ப் பயணம் லாபம் தரும்'.
இருவரும் சிரித்ததில்
ஒரு போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார்.

அக்டோபரில் வந்துவிட்டாள்.
மாநிலத் தேர்வில் என்னெதிரே நின்றாள்.
இந்த முறை போஸ்டர் இல்லை.
மூன்றாம் ரவுண்டில் அவளாகவே
என்னைக் கட்டிப்பிடித்தாள்.
காது பக்கத்தில் இருந்தது.
கண்ணை மூடிக்கொண்டேன்,
வாங்கவேண்டியதை வாங்க.

'சகா,' என்றாள்,
'லெஃப்ட் இன்னும் ஸ்லோ.'

'பிரேக்' என்றார் நடுவர்.
பிரிந்தோம்,
அரை நொடி தாமதமாக.