நின்றான்

"ஏன் மாடிதா?" என்றார் ரைட்டர்.
பதினாறு வருஷமாகிறது இந்த ஊருக்கு வந்து.
இன்னும் கன்னடத்து 'ஏன்'
ஒரு நொடி தமிழாகத்தான் காதில் விழுகிறது.
அவர் கேட்டது, என்ன செய்தான்.
எனக்குக் கேட்டது, ஏன் செய்தான்.
முதல் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும்:
நின்றான்.

அடித்தானா?
இல்லை.
கையைப் பிடித்தானா?
இல்லை.
கெட்ட வார்த்தை?
தீதி என்றுதான் கூப்பிட்டான் சார்.
பின்னே என்னம்மா கம்ப்ளெய்ன்ட்டு?

ஹரளூர் ரோட்டில் பதினெட்டு மாடி.
கார்களுக்கு மேலே எழும் கட்டை,
பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் கதவு.
ஓர் ஆள் அகலம்.
அந்த ஓர் ஆளாக அவன் நின்றான்.

என் பையில் மூடி உடைந்த மிக்ஸி ஜார்.
சி பிளாக் அம்மா கொடுத்தது.
கொடுத்த கை, செயலியில் ஒரு விரல் வைக்க மறந்துவிட்டது.
அம்மா மீட்டிங்கில். போன் அடித்து அடித்து ஓய்ந்தது.
நாலு பத்திலிருந்து ஐந்து மணி வரை
பள்ளிக்கூடப் பஸ் வந்தது,
பிரியாணிப் பையன்கள் வந்து போனார்கள்,
பட்டை கட்டிய நாயொன்று
வெளியே உலாவிவிட்டுத் திரும்பியது.
ஜாரை வைத்துவிட்டுப் போகிறேன் என்றேன்.
பை ஏற்கெனவே ரெக்கார்டில் ஏறிவிட்டது, தீதி.

உள்ளே எங்கு வேண்டுமானாலும் போகலாம்.
நீச்சல்குளம் பக்கம் நடக்கலாம்,
லிஃப்டில் ஏறி இறங்கலாம்.
ஐந்து மணிக்கு நான் பாத்திரம் தேய்க்கவேண்டிய வீடு
இருந்த திசை தவிர.

ஒரு திசை போதும் மாதம்மா, என்றாள்
சங்கத்து ரோஸ்லின்.
போக உரிமையுள்ள ஒரே ஒரு திசையை மறித்தாலும் குற்றம்.
முன்பு முந்நூற்று நாற்பத்தொன்று,
இப்போது நூற்றிருபத்தாறில் இரண்டு.
ஒரு மாதம் வரை வெறுங்காவல்,
அல்லது ஐயாயிரம் வரை அபராதம்,
அல்லது இரண்டும்.
அந்த ஐம்பது நிமிஷத்துக்கு
ஒரு எண் இருக்குமென்று நான் நினைத்ததே இல்லை.
அந்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.
அதற்கு எண் இல்லையாம்.

ரைட்டர் தாளைத் திருப்பினார்.
மறித்தவன் பேரு?

திகந்தா. அஸ்ஸாம்காரன்.
காலை ஏழிலிருந்து இரவு ஏழு வரை
அதே ஓர் ஆள் அகலத்தில் நிற்பவன்.
ஒன்றுக்குப் போகவும் வாக்கிடாக்கியில் கேட்கவேண்டும்.
'அவளை விடாதே' என்றதும் அந்த வாக்கிடாக்கிதான்.
அந்தக் குரலின் பேரு?
செக்ரட்டரி சார்.
அது பேரில்லை, என்றார்.

பேனா காத்திருந்தது.
பெயர் என் நாக்கு வரை வந்து நின்றது.
ஐயாயிரம் என்றால்
அவனுக்கு எத்தனை நாள் நிற்கவேண்டும் என்று
என் மண்டை தானாகக் கணக்குப் போட்டது.
மேலே மின்விசிறி, சுவரில் மணி ஏழரை.
நான் போகலாமா சார் என்று கேட்டுவிட்டேன்.
கதவு விரியத் திறந்துதான் கிடந்தது.
யாரும் குறுக்கே நிற்கவில்லை.
ஆனாலும் கேட்டேன்.

பேரைச் சொல்லிட்டுப் போ.

செக்ரட்டரி என்றே எழுதுங்கள் சார்,
அந்தப் பேரில்தானே என்னை நிறுத்தினார்.
திகந்தாவைச் சாட்சியாகப் போடுங்கள்.

ரைட்டர் முதல்முறையாகச் சிரித்தார்.
சாட்சி சொல்லவர
அவனுக்கு லீவு கொடுப்பாங்களா, என்றார், தமிழில்.
பேனாவை மூடவில்லை.
எழுதவும் இல்லை.