கசிவுநீர்

பெருந்துறை. நான்காம் எண் படுக்கை.
எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
இரண்டு பக்கமும் மார்கழிப் பனி.
நிமோனியா என்று சேர்த்தார்கள்.
மூன்றாம் நாள் குழாயில் ஏறி வருவது
சளியில்லை, இளஞ்சிவப்பு நுரை.
வெளியே குடித்த தண்ணீரல்ல;
அவருடைய சொந்த ரத்தத்தின் தெளிவு
குழாய்ச் சுவரைத் தாண்டிக்
காற்றுப்பைக்குள் இறங்கியிருக்கிறது.

ராக்கியண்ணன், ஐம்பத்து மூன்று.
தொழில் என்ற கட்டத்தில் யாரோ 'கூலி' என்று எழுதியிருக்க
அதை அடிக்கச் சொல்லித் துளசிமணி எழுதவைத்தார்:
வாய்க்கால் லஸ்கர், கீழ்பவானி.

"கரையிலயே நடந்து நடந்து பாப்பாருங்க,
எங்க ஊறுது, எங்க ஒடையப் போகுதுன்னு.
ஊறறதுக்கும் ஒடையறதுக்கும் நடுவால
ஒரு எலிவளைதானுங்கன்னு சொல்லுவாரு."

நான் அதைக் கேஸ் ஷீட்டில் குறிக்கவில்லை.
குறித்திருக்கலாம்.

கோயமுத்தூரில் ஆய்வேட்டுக்காக இரண்டு வருடம்
தட்டில் ரத்தக்குழாய்ச் செல்களை வளர்த்திருக்கிறேன்.
ஒன்றையொன்று தொடும் விளிம்பில் மட்டும்
பச்சையாய் ஒளிரும் கேடெரின்.
அக்கட்டிலிருந்து ஒரு கை, இக்கட்டிலிருந்து ஒரு கை,
நடுவே கால்சியம்.
பிடித்த கைக்குத் தோள் வேண்டுமல்லவா,
உள்ளே ஒரு கொக்கி,
கொக்கிக்குப் பின்னால் ஆக்டின் கயிறு.
கயிறு ஓரமாய் வளையம் சுற்றி நின்றால்
கரை இறுகும்.
அதே கயிறு குறுக்கே விறைத்து உள்ளிழுத்தால்
கை நழுவும்.

ஒரு துளி த்ராம்பின் விட்டுக்
கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்து நிமிடம்.
தையல் விட்ட திருப்பூர் பனியனைப் போலப்
பச்சைக் கோடு முழுக்க ஓட்டை.
எதுவும் வந்து இடிக்கவில்லை.
ஒவ்வொரு செல்லும்
தன்னைத்தானே இழுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.
அன்று அது அழகாயிருந்தது.
படமெடுத்துப் போட்டிக்கு அனுப்பி
இரண்டாம் பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் வாங்கினேன்.

"அடைச்சுட முடியாதுங்களா டாக்டர்,
சிமெண்டு பூசறாப்பல?"
கேட்டுவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொள்கிறார்.
"வாய்க்காலுக்குக் கான்கிரீட்டு வேண்டாம்னு
கூட்டம் போட்டப்ப இவரு சர்க்கார் ஆளு,
வாயத் தொறக்கலீங்க.
ராத்திரி வூட்டுக்கு வந்துதான் சொன்னாரு,
கசியற தண்ணிதான்டி நம்ம கெணறுன்னு."

ஆமாம்.
முழுக்க அடைத்த குழாயில்
வெள்ளணுக்கள் எந்த வழியாய்ச் சண்டைக்குப் போகும்?
நல்ல நுரையீரலும் நாள்தோறும் கொஞ்சம் ஊறும்,
நிணநீர்க் கொப்புவாய்க்கால் அதை வாரிப் போகும்.
யாரும் எக்ஸ்ரே எடுப்பதில்லை.

இன்றைக்கு வாரிப் போக முடியாத அளவு.

அடைக்கும் மருந்து என்னிடம் இல்லை என்று சொன்னேன்.
அதைச் சொல்ல எனக்கு நான்கு வாக்கியம் தேவைப்பட்டது.
கிருமிக்கு மருந்து போகிறது.
மூச்சைச் சின்னதாக்கியிருக்கிறோம்,
கிழிந்த கரையில் அலை மோதக் கூடாதென்று.
இரவு ஒன்றரைக்கு ஆறு பேர் சேர்ந்து
அவரைக் குப்புறத் திருப்பினோம்.
அகன்ற முதுகு. குதிகாலில் வெடிப்பு,
வெடிப்புக்குள் இன்னும் கரைமண்.

மிச்சத்தை அவருடைய ரத்தம்தான் பார்க்க வேண்டும்.
தட்டணுவும் சிவப்பணுவும் சுமந்து வரும்
ஒரு கொழுப்புத் துணுக்கு உண்டு;
செல்லின் வாசலில் தட்டி,
கயிற்றை ஓரத்துக்குக் கொண்டு போ என்று
சொல்லிவிட்டு நகரும்.
அவருக்குள் இந்த நேரம்
அது எத்தனை மைல் நடந்திருக்கிறது,
எந்த மடை வரை,
என்னிடம் கருவியில்லை.

உறிஞ்சிய பாட்டிலில் கோடு பார்த்து எழுதுகிறேன்.
இரண்டு மணிக்கு இருநூற்றுப் பத்து மில்லி.
ஏழு மணிக்கு நூற்று நாற்பது.

இது ஊறுவதா, உடைவதா?
பார்த்தவுடன் சொல்லக்கூடியவர்
குப்புறப் படுத்திருக்கிறார்.