கட்டைவிரல்

யாரிடமும் மூச்சு விடாதே என்று
மோகாம்பரியிடம் மட்டும் சொல்லிவிட்டு
விடிகாலை நாலரைக்கு
சாட்ஸ்வொர்த்திலிருந்து காரை எடுத்தேன்.
வீட்டில் சொன்னது: டயர் கம்பெனியில் ஆண்டுக்கணக்கு.
சனிக்கிழமையுமா, என்றார் போர்வைக்குள்ளிருந்து.
சனிக்கிழமையும்தான்.

உம்கோமாஸ் ஆற்றுமுகம். ஜூலைக் குளிர்.
ரப்பர் படகை எட்டுப் பேர் தள்ளினோம்.
சரியாகச் சொன்னால் ஏழு பேர் தள்ளினார்கள்,
நான் தொட்டுக்கொண்டு நடந்தேன்.
கடன்காரன் தெருமுனை தாண்டட்டும் என்று
ஒளிந்து நிற்பவனைப் போல
கோபஸ் படகை வட்டமடித்து அலைகளுக்குக் காத்திருந்தான்.
பிறகு ஒரே முடுக்கு.
என் வயிறு கரையிலேயே நின்றுவிட்டது.

அதுவரை என் கடல்
நீச்சல்குளத்தின் நீல ஓடுகள்,
மூன்றரை மீட்டர் ஆழம்,
அடியில் யாரோ விட்ட ஹேர்பின்.

ம்லுங்கிசி விதிகளைச் சொன்னான்.
மூச்சை அடக்கவே கூடாது,
எது நடந்தாலும் விட்டுக்கொண்டே இருங்கள்.
(மோகாம்பரி நினைவுக்கு வந்தாள்.)
சரி என்றால் விரலால் வட்டம்.
தலையை மட்டும் ஆட்டாதீர்கள் அக்கா,
அது ஆமாமா இல்லையா என்று
எனக்குத் தரையிலேயே தெரிவதில்லை.
எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையாட்டினேன்.

இடுப்பில் எட்டுக் கிலோ ஈயம்.
மூன்று, இரண்டு, ஒன்று.
ஐம்பத்திரண்டு வயதில்
எதுவும் பார்க்காமல் பின்பக்கமாக விழுந்தேன்.

பச்சை.
மூக்கைப் பிடித்து ஊது, காது திறக்கும்.
கொஞ்சம் இறங்கு, மறுபடி மூக்கைப் பிடி.
என் இணை ஃபிகிலே, பைன்டவுன் நர்ஸ்,
நாடி பார்ப்பவள் போலவே
என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.
அலிவால் திட்டின் குகைவாயில்
கந்தல்பல் சுறாக்கள் வாய் பிளந்து
பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி நின்றன.
ஒன்றுக்கும் அவசரமில்லை.
எனக்குத்தான். அளவுமானியில்
இருநூறு, நூற்றைம்பது, நூற்றுப்பத்து.
வரவே இல்லாத பேரேடு.

அப்போது ம்லுங்கிசி காதைத் தொட்டுக் காட்டினான்.
வலிக்கிறதா என்கிறான், வலிக்கவில்லை. வட்டம் காட்டினேன்.
மறுபடி காது. மறுபடி வட்டம்.
பார்த்தால் எல்லோரும் அசையாமல் மிதக்கிறார்கள்,
விதி சொன்னவனே மூச்சை நிறுத்தியிருக்கிறான்.
நானும் நிறுத்தினேன்.

எங்கோ கீல் முனகுகிறது என்று நினைத்தேன்.
கடலுக்கு ஏது கதவு?
நீண்டு, கீழிறங்கி, ஒரு படியில் நின்று,
திரும்ப ஏறுகிறது.
காதில் விழுந்ததாகச் சொல்ல முடியாது,
விலாவில் விழுந்தது, ஈயத்தில் விழுந்தது.
திமிங்கிலம். எவ்வளவு தூரத்திலோ.
கண்ணுக்கு வரவேயில்லை.

பிரமாதம்! என்று கத்த வாயில்லாமல்
கட்டைவிரலை உயர்த்தினேன்.

நீருக்குள் அதற்கு ஒரே அர்த்தம்: மேலே போவோம்.
ஃபிகிலே ஒரு கேள்வி கேட்கவில்லை.
என் தோள்பட்டையைப் பற்றினாள், ஏறத் தொடங்கினாள்.
நான் தலையை ஆட்டினேன், ஆட்டினேன்.
அடித்துத் திருத்த அங்கே சிவப்பு மை கிடையாது.
ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்,
நின்றோம். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கீழே.
அவர்கள் அடக்கி அடக்கி விட்ட மூச்சு
எங்கள் முழங்காலில் முட்டி உடைந்தது.

என்ன ஆச்சு? மேலே வந்ததும் கேட்டாள்.
நல்லா இருந்தது, என்றேன்.
அதுக்கா?
அதுக்குத்தான்.
அவள் சிரித்த சிரிப்பில் கோபஸ் படகைத் திருப்பி வந்தான்.
உப்புக்கு மாற்றாக
ஆளுக்கொரு லாலிபாப் கொடுத்தான்.

இரவு சாப்பாட்டில்
கணக்கு முடிந்ததா என்றார். பாக்கியிருக்கிறது என்றேன்.
கீழே விழுந்த கரண்டியை எடுக்கக் குனிந்தேன்.
எந்தப் பொந்தில் தங்கியிருந்ததோ,
மூக்கிலிருந்து கடல்
ஒரு கரண்டி அளவு, மேஜைவிரிப்பில் ஊற்றியது.

மோகாம்பரி சத்தியமாக
யாரிடமும் மூச்சு விடவில்லை.