நார்த்கேட் கார்டன்ஸ், அணைக்கும் இரவு

பெயர் கார்டன்ஸ்.
எழுபத்தோரு வருடத்தில் உள்ளே ஒரு புல் முளைத்ததில்லை.
விளைந்ததெல்லாம் பனிக்கட்டி.
ஒன்றேகால் அங்குல உயரம்,
செப்டம்பரில் விதைப்பு, மே மாதம் அறுப்பு.

இன்றிரவு கடைசி அறுப்பு.
ஒரிசியா கீழே இயந்திர அறையில் நிற்கிறாள்.
அம்மோனியா நெடி அவள் கோட்டில் ஏறிப்
பத்தொன்பது வருடமாகிறது.
பேருந்தில் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

அணியை விற்றுவிட்டார்கள்.
வாங்கியவர் ஊரில் கள்ளி உண்டு,
கார் நிறுத்த இடம் உண்டு,
மழை மட்டும் வழி கேட்டுக் கேட்டு வரும்.
நிலத்தை ஐந்தாகப் பிரித்தவர்கள்
உறைந்த நீருக்கு ஒரு திணை வைக்கவில்லை,
பூ வைக்கவில்லை, பறை வைக்கவில்லை.
பாலைக்கு எல்லாம் வைத்தார்கள்.
ஆகவே பனி பாலைக்குக் குடிபோவதை
இலக்கணப்படி நான் மறுக்க முடியாது.

இதற்கு முன் இதே மண்ணில் ஒரு மரக்கொட்டகை.
ஜன்னலைத் திறந்து குளிரை உள்ளே அழைப்பார்கள்.
மார்ச் மாதம் குளிர் வராது.
பதினான்கு பேர் சகதியில் வட்டைத் தேடியலைந்த
அந்த ஒரு மாலையில் வென்றது யாரென்று
இரண்டு குடும்பங்கள் இன்னும் பேசிக்கொள்வதில்லை.
கொட்டகை எரிந்தது. செங்கல் எழுந்தது.
தரைக்கடியில் பதினோரு மைல் குழாய்.
குழாயில் உப்புநீர்:
தான் உறையாமல் ஓடி
மேலே உள்ளதை உறையவைக்கும்.

பதினாறு தூண்கள்.
தூணுக்குப் பின்னால் டிக்கெட் அரைவிலை.
உருக்காலை ஆட்கள் பாதி ஆட்டத்தைக் கண்ணால் பார்த்து
மீதியைப் பக்கத்து ஆளின் கூச்சலிலிருந்து கட்டிக்கொண்டார்கள்.
கோல் அவர்களுக்கு முதலில் சத்தம்,
அப்புறம்தான் சிவப்பு விளக்கு.

கண்ணாடி வருவதற்கு முன் கோழிவலை.
அதில் விரல் கோத்து நின்ற ட்யூலா ப்ரெண்டிஸ்
ஒரு நகத்தை வட்டுக்குக் கொடுத்துவிட்டு
மூன்றாம் பகுதி முடியும்வரை
மருத்துவமனைக்கு வரமாட்டேன் என்றாள்.
அப்போதெல்லாம் பனி சிமெண்ட் நிறம்.
தொலைக்காட்சி வந்து
எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றது.
வெள்ளையடித்தார்கள்.
அன்றிலிருந்து ரத்தம் நன்றாகத் தெரிந்தது.

ஆட்டமில்லாத நாளில் பனியின்மேல் பலகை.
பலகைமேல் குத்துச்சண்டை, தேர்தல் கூட்டம்,
ஏரி பொங்கிய வருடம் முந்நூறு கட்டில்,
ஒரு சர்க்கஸ்.
கீழே என்ன இருக்கிறதென்று
யானை மட்டும் கண்டுகொண்டது.
காலை மாற்றி மாற்றி வைத்ததாம், இரவெல்லாம்.

மே மாதப் புழுக்கத்தில் ஒருமுறை
பனியிலிருந்து மூடுபனி கிளம்பி இடுப்பளவு நின்றது.
இரு அணியும் துண்டை வீசிக்கொண்டு
வட்டமாகச் சறுக்கி அதை விரட்டின.
பத்தொன்பது நிமிடம் எதிரிகள் யாருமில்லை.
பிறகு தெளிந்தது, பல் உடைந்தது.

பத்து நாற்பது.
கடைசி ரசிகனும் தன் இருக்கையைக்
கழற்றிக்கொண்டு போய்விட்டான்.
ஒரிசியா மேலே வருகிறாள்.
விசையை இறக்கு என்பதுதான் உத்தரவு.
அவள் வண்டியில் ஏறி
வெந்நீர் விட்டு, ஓரத்திலிருந்து உள்ளாக,
ஒருவரும் ஆடப்போகாத பனியை
ஒருமுறை முழுவதும் மெழுகுகிறாள்.
கீறல், பள்ளம், குதிகால் திருப்பம், எச்சில்,
எல்லாம் மூடுகிறது.
விளக்குகள் தலைகீழாய் உள்ளே இறங்கி நிற்கின்றன.
அப்புறம் கீழே போய் விசையை இறக்குகிறாள்.

அது உடனே உருகவில்லை.
காலையில் இடிப்பு ஒப்பந்தக்காரன் வந்தான்.
எத்தனை லிட்டர் என்றான்.
நாற்பத்தைந்தாயிரம்.
குனிந்து பார்த்தான். ஒரு தடம் இல்லை.
பூட்ஸ் நுனியால் தட்டிக் கேட்டான்:
இங்கே யாராவது ஆடினார்களா?

கையுறையைக் கழற்றிக்கொண்டே அவள் சொன்னாள்:
தூணுக்குப் பின்னால் போய் நின்று கேள்.