பத்தொன்பதில் ஒன்று

வீட்ஸ்கே நானூறு யூரோவுக்கு வாங்கி வந்தாள்,
கட்டும் இல்லாத, மரமும் இல்லாத
ஒரு கட்டுமரம்:
கண்ணாடியிழையில் இரண்டு ஒல்லி ஓடங்கள்,
குறுக்கே இரண்டு அலுமினியக் குழாய்,
நடுவில் வெயில் தின்ற வலை.
அவளைவிட ஏழு வயது மூத்தது.

லெம்மரில் அன்றைக்கு மழை.
லெம்மரில் என்றைக்கும் மழைதான்.
கொட்டகையில் மண்டியிட்டு
முதல் வேலையாக
ஒரு பழைய காலுறையைப் பாய்மரக் கம்பியில் சுற்றி
மேலிருந்து கீழே உருவினாள்.
மூன்றாம் முழத்தில் மாட்டிக்கொண்டது நைலான்.
பத்தொன்பது இழைகளில் ஒன்று அறுந்து
முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தது.

மீதிப் பதினெட்டு போதுமே
என்றது வங்கிக் கணக்கு.
போதாது என்றது விரல்,
ஒரு துளி ரத்தத்தில்.

புதுக் கம்பிகள் வந்தன.
புது வலை வந்தது;
கண் கண்ணாகக் கயிறு கோத்து இறுக்கியதில்
உள்ளங்கை கன்றிப்போய்
மறுநாள் ரொட்டிக் கடையில்
மாவு பிசைய மாட்டாமல் கல்லாவில் நின்றாள்.
பாயை இழுக்க
நாலு சுற்றுக் கப்பியைக் கழற்றி எறிந்து ஆறு சுற்று.
லொடலொடத்த சுக்கானுக்கு
பால் டப்பாவை வெட்டி ஒரு வளையம்.
அது காசில்லாமல் முடிந்தது.

பாய்மரம் மட்டும் ஒற்றை ஆளுக்கு எழாது.
ஒருவர் நிமிர்த்த வேண்டும்,
ஒருவர் முன்கம்பியைப் பிடித்திழுக்க வேண்டும்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஷூர்ட் இருந்தான்.
அவன் வெட்டிய மரத்தில்
அவள் வீட்டு நிழலும் விழுந்துபோனதிலிருந்து
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
கூப்பிடவில்லை அவள்.
இழுவண்டியின் கைச்சக்கரத்தை நம்பினாள்.

பாதி எழுந்தது.
முக்கால் எழுந்தது.
அடியில் செருகவேண்டிய ஆணி
அவள் ஜீன்ஸ் பையிலேயே இருந்தது.

எட்டு மீட்டர் அலுமினியம்
ஷூர்ட்டின் தக்காளிக் கண்ணாடிக்குடில் மேல்
சாவகாசமாகச் சாய்ந்தது.

வந்தான்.
நொறுங்கியதைப் பார்த்தான்.
பாய்மரத்தின் ஒரு முனையில் கண்ணை வைத்து
மறுமுனை வரை பார்த்தான்.
‘வளையல.’
இரண்டு வருடத்தில் அதுதான் முதல் சொல்.
‘முன்கம்பிய யார் பிடிக்கிறது?’
இது இரண்டாவது.

ஞாயிற்றுக்கிழமை ஐசல் ஏரியில் நல்ல காற்று.
வலது ஓடம் தண்ணீரை விட்டு மேலே வந்தபோது
யாரும் எதுவும் பேசவில்லை.
பேச நேரமில்லை,
உடம்பைப் பின்னால் சாய்க்கவே சரியாக இருந்தது.
கம்பிகள் ஒரே சுருதியில் முனகின.
இடது ஓடம் இன்னும் ஒழுகுகிறது,
அதை எங்கே என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கரைக்கு வந்து
‘கண்ணாடிக்கு எவ்வளவு ஆகும்?’ என்றாள்.
அவன் காதில் விழவில்லை,
அல்லது விழுந்தது.
குனிந்து இடது ஓடத்தின் அடைப்பைத் திருகினான்.
உள்ளே புகுந்திருந்த ஏரி
மணலில் ஒழுகத் தொடங்கியது,
நிதானமாக,
இரண்டு பேரும் நின்று பார்க்கும் அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டு.